ரத்தம் வந்தாலே மூலம் அல்ல! கழிப்பறை போஸ்டரை நம்பி உடம்பை கெடுத்துக்கொள்ளும் பனியன் தொழிலாளர்கள்

திருப்பூர்,-

பஸ் நிலைய கட்டண கழிப்பறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது அந்த போஸ்டர்தான்.

'மூலம், பவுத்திரம், ஆசனவாய் வெடிப்பு. ஆபரேஷன் இல்லை, வலி இல்லை, ஒரே ஊசியில் குணம்' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருப்பார்கள். கீழே ஒரு செல்போன் நம்பர் இருக்கும். டாக்டர் பெயர் இருக்காது. என்ன படித்தார் என்பதும் இருக்காது.

திருப்பூர் மட்டும் அல்ல. அவினாசி, பல்லடம், காங்கயம், தாராபுரம் என்று மாவட்டத்தில் எங்கே போனாலும் மின்கம்பத்திலும் பாலத்து தூணிலும் இதே போஸ்டர்தான். ஒட்டுகிறவர்களுக்கு காரணம் தெரியும். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லாமல் இருக்கிறவன் தனியாக நிற்கிற இடம் கழிப்பறை ஒன்றுதான்!

அப்படி ஒரு நம்பருக்கு போன் போட்டவர்தான் எனக்கு தெரிந்த பேட்லாக் டெய்லர். வயது 38. காலை எட்டரைக்கு மெஷினில் உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்குத்தான் எழுந்திருப்பார். பீஸ் ரேட் என்பதால் நடுவில் எழுந்தாலே காசு போச்சு.

ஒரு வருஷமாக காலைக்கடன் கழிக்கும்போது ரத்தம் சொட்டியிருக்கிறது. வலி இல்லை. மனைவியிடம் கூட சொல்லவில்லை.

ஏன் ஆஸ்பத்திரிக்கு போகவில்லை என்று கேட்டேன். "போனா ஒரு நாள் சம்பளம் போச்சுங்ணா. அங்க போயி எப்படீங்க காட்டறது? கம்பெனியில ஒருத்தனுக்கு தெரிஞ்சா போதும், ஊரே சிரிக்குமுங்க" என்றார்.

போஸ்டர் நம்பர்காரர் ஒரு மாடி அறைக்கு வரச்சொல்லி இருக்கிறார். 3 ஆயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஊசி போட்டு அனுப்பிவிட்டார். இரண்டே நாளில் உட்காரும் இடம் வீங்கி, குளிர் ஜுரம் வந்து, நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உள்ளே சீழ் பிடித்து சதை அழுகத் தொடங்கி இருந்தது. ஆபரேஷன் செய்துதான் சுத்தம் பண்ண வேண்டி வந்தது.

45 நாள் மெஷினில் உட்கார முடியவில்லை. மனைவியின் தாலிக்கொடி அடகுக்கு போய்விட்டது. ஒரு நாள் சம்பளத்துக்கு பயந்தவர் கதி இது.

குழாய் வாஷர் மாதிரி

முதலில் மூலம் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். இதை நோய்க்கட்டி என்றும், புழு என்றும், உடம்பு சூட்டில் முளைக்கிற சதை என்றும் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எதுவும் சரி இல்லை.

ஆசனவாய்க்கு உள்ளே ரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற சதை எல்லோருக்கும் உண்டு. உங்களுக்கும் உண்டு, எனக்கும் உண்டு. குழாயில் தண்ணீர் ஒழுகாமல் இருக்க வாஷர் போடுகிறோம் இல்லையா, அந்த மாதிரி காற்றும் மலமும் தானாக கசியாமல் அடைத்துக்கொள்வதற்கு இயற்கை வைத்த ஏற்பாடு அது.

மலச்சிக்கலில் தினமும் முக்கி முக்கி போகும்போது அந்த குழாய்களில் ரத்தம் தேங்கி வீங்குகிறது. அதை பிடித்துவைத்திருக்கும் நார் போன்ற தசை நாளடைவில் தளர்ந்து, மெத்தை கீழே சரிகிறது. இதைத்தான் மூலம் என்கிறோம்.

உள்ளே இருப்பது உள்மூலம். அங்கே வலி தெரியும் நரம்பு கிடையாது. அதனால்தான் ரத்தம் சொட்டு சொட்டாக போகும், வலி மட்டும் இருக்காது. நம்ம டெய்லர் ஒரு வருஷம் சும்மா இருந்ததற்கு இதுதான் காரணம். வாசலுக்கு வெளியே தோலுக்கு அடியில் வருவது வெளிமூலம். அங்கே நரம்பு உண்டு. திடீரென்று ரத்தம் உறைந்துவிட்டால் நாவல்பழம் மாதிரி நீலமாக புடைத்துக்கொண்டு உயிர் போகிற மாதிரி வலிக்கும். இப்படி வந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் டாக்டரிடம் போனால் மரத்துப்போகும் ஊசி போட்டு சின்னதாக கீறி எடுத்துவிடலாம். அதற்கு மேல் ஆனால் வலி தானாகவே குறையத்தொடங்கும், கட்டி மெல்ல மெல்ல கரையும்.

உள்மூலத்தை டாக்டர்கள் 4 நிலையாக பிரிக்கிறார்கள். முதல் நிலையில் ரத்தம் மட்டும் வரும், சதை வெளியே வராது. இரண்டாவதில் முக்கும்போது வெளியே வந்து தானாக உள்ளே போய்விடும். மூன்றாவதில் விரலால் தள்ளினால்தான் போகும். நான்காவதில் தள்ளினாலும் போகாது. சிகிச்சை என்ன என்பது பெரும்பாலும் இந்த நிலையை பொறுத்ததுதான்.

கோழிக்கறி செய்த பாவம் என்ன?

'சூட்டு உடம்பு, கோழி தின்றேன், மூலம் வந்துவிட்டது' என்று சொல்லாதவர்கள் நம் ஊரில் குறைவு. பாவம் கோழி. அதற்கும் இதற்கும் நேரடி சம்பந்தம் இல்லை.

ராத்திரி எட்டரைக்கு கம்பெனி விட்டதும் 4 புரோட்டா, கோழி சால்னா. காலையில் டீ, பன். பத்தரை மணிக்கு மறுபடி டீ, ஒரு வடை. இதில் நார்ச்சத்து எங்கே இருக்கிறது? மைதாவில் கிட்டத்தட்ட கிடையாது, கறியில் சுத்தமாக கிடையாது. பழி மட்டும் கோழிக்கு!

இன்னொரு விஷயம் கம்பெனி வண்டி. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில், முக்கியமாக காலையில், பெருங்குடல் தானாக ஒரு தள்ளு தள்ளும். வயிற்றுக்கு இயற்கை அடிக்கும் சங்கு அது. அந்த நேரம் பார்த்து வாசலில் வண்டி ஹாரன் அடிக்கும். அடக்கிக்கொண்டு ஏறிவிடுவோம். அடக்க அடக்க குடல், மலத்தில் இருக்கிற தண்ணீரை எல்லாம் உறிஞ்சிவிடும். மறுநாள் கல்லு மாதிரி ஆகிவிடும். அப்புறம் முக்கத்தானே வேண்டும்?

பெண்கள் பாடு இன்னும் மோசம். நூறு பேருக்கு இரண்டு கழிப்பறை, அதுவும் கதவு சரியில்லை என்றால் யார் போவார்கள்? போக வேண்டி வருமே என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண்கள் செக்கிங் டேபிளில் எத்தனையோ பேர்.

கர்ப்ப காலத்தில் வயிற்று பாரமும், ஹார்மோன் மாற்றத்தால் வரும் மலச்சிக்கலும் சேர்ந்து பல பெண்களுக்கு மூலம் எட்டிப்பார்க்கும். பெரும்பாலும் பிரசவத்துக்கு பிறகு சரியாகிவிடும். சோகைக்கு கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் சிலருக்கு மலத்தை இறுக்கும். அதற்காக மாத்திரையை தூக்கி எறிந்துவிடக்கூடாது. நர்சிடமோ டாக்டரிடமோ சொன்னால் வழி சொல்வார்கள்.

புதுசாக ஒரு கெட்ட பழக்கமும் சேர்ந்திருக்கிறது. செல்போனை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குள் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து வீடியோ பார்ப்பது. அப்படி தொங்கலாக உட்கார்ந்தே இருந்தால் ரத்தம் கீழேதான் தேங்கும். 5 நிமிஷத்தில் வரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுவதுதான் நல்லது. வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கு கீழே சின்ன ஸ்டூல் போட்டு, முழங்கால் உயரமாக இருக்கும்படி உட்கார்ந்தால் சுலபமாக போகும்.

ஒரே இடம், நாலு வியாதி

இந்த செய்தியில் முக்கியமான இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாக படியுங்கள்.

ஆசனவாயில் என்ன தொந்தரவு வந்தாலும் 'மூலம்' என்று ஒரே பெயர் வைத்துவிடுகிறோம். போஸ்டர்காரருக்கு அது வசதி. ஆனால் அங்கே வருவது பல வியாதி.

போகும்போது கண்ணாடி துண்டு கீறுவது மாதிரி வலித்து, போய் முடித்த பிறகும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் எரிந்தால் அது பெரும்பாலும் வெடிப்பு. தோல் கிழிந்த காயம். 'எனக்கு மூலம் சார், வலி தாங்க முடியல' என்று சொல்லிக்கொண்டு வருபவர்களில் நிறைய பேருக்கு இருப்பது இந்த வெடிப்புதான். அதற்கு தனி களிம்பு, தனி வைத்தியம்.

ஆசனவாய் பக்கத்தில் கொப்புளம் மாதிரி வந்து, உடைந்து, சீழ் வடிந்து, ஆறி, திரும்பவும் அதே இடத்தில் வந்தால் அது பவுத்திரம். உள்ளிருந்து வெளியே ஒரு சுரங்கப்பாதை விழுந்துவிட்டது என்று அர்த்தம். இது மாத்திரை, லேகியத்தில் மூடுவது அபூர்வம். ஆபரேஷன் வேண்டும். அல்லது சித்தா, ஆயுர்வேதத்தில் இருக்கிற கார நூல் சிகிச்சை. நாட்டு வைத்தியம்தானே என்று இதை தள்ளிவிடவும் முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கழகம் ஆபரேஷனையும் கார நூலையும் பல ஊர்களில் ஒப்பிட்டு பார்த்து 1991-ல் முடிவை வெளியிட்டது. கார நூலில் புண் ஆற நாள் அதிகம் பிடிக்கிறது, ஆனால் திரும்ப வருவது குறைவு என்று அதில் தெரியவந்தது. நூலை கட்டுபவர் பட்டம் பெற்று பதிவு செய்த டாக்டரா என்பதுதான் கேள்வி.

நான்காவது, மலக்குடல் புற்றுநோய். பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. ரத்தம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு இது இருக்காது. ஆனால் இதற்கும் முதல் அறிகுறி பல சமயம் ரத்தம்தான், அதுவும் வலி இல்லாமல். 'மூலம்தானே' என்று லேகியம் சாப்பிட்டு ஆறு மாசம், எட்டு மாசம் கடத்திவிட்டு வருபவர்களுக்கு, ஆரம்பத்தில் எளிதாக போயிருக்க வேண்டியது முற்றிப்போய் இருக்கும்.

ரத்தம் மலத்தோடு கலந்து வந்தாலோ, கருஞ்சிவப்பாக வந்தாலோ, சளி போல சேர்ந்து போனாலோ உஷாராக இருக்க வேண்டும். போய்விட்டு வந்த பிறகும் இன்னும் பாக்கி இருப்பது போல தோன்றுவது, வழக்கமான போக்கு திடீரென்று மாறி சில வாரமாக அப்படியே இருப்பது, காரணம் இல்லாமல் எடை குறைவது, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தது, இதில் எது இருந்தாலும் உடனே போய் காட்டுங்கள். 45 வயதுக்கு மேல் புதிதாக ரத்தம் வந்தால் வேறு எதுவும் இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும். மூலம் இருப்பவருக்கு புற்றுநோய் இருக்காது என்று எந்த சட்டமும் இல்லை. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம்.

காட்டினால் என்ன செய்வார்கள்?

இதில் எனக்கு சொந்த அனுபவம் உண்டு, வெட்கத்தை விட்டு சொல்கிறேன். பஸ்சில் அலைச்சல், நேரம் கெட்ட நேரத்தில் டீ, தண்ணீர் குடிக்க மறந்துவிடுவது, இதுதான் நிருபர் பிழைப்பு. சில வருஷத்துக்கு முன்பு எனக்கும் ரத்தம் வந்தது. இரண்டு மாசம் தள்ளிப்போட்டேன். கடைசியில் அரசு ஆஸ்பத்திரி வெளிநோயாளிகள் சீட்டு வாங்கி வரிசையில் நின்றேன்.

திரைக்கு பின்னால் ஒருக்களித்து படுக்கச்சொன்னார்கள். இடுப்பு வரை துணி போர்த்தினார்கள். டாக்டர் கையுறை போட்டு, மரத்துப்போகும் ஜெல்லி தடவி விரலால் பார்த்தார். அப்புறம் விரல் தடிமன் உள்ள ஒரு சின்ன குழாயை வைத்து உள்ளே லைட் அடித்து பார்த்தார். மொத்தம் 5 நிமிஷம் கூட ஆகவில்லை. கூச்சம் இருந்தது, வலி இல்லை. எனக்கு முன்னால் ஒரு லாரி டிரைவர், பின்னால் ஒரு காய்கறி கடைக்கார அம்மா. யாரும் யாரையும் பார்த்து சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அவரவர் கவலை.

பெண் டாக்டர்தான் வேண்டும் என்று பெண்கள் கேட்கலாம். கூட ஒரு நர்ஸ் இருக்கச்சொல்லவும் உரிமை உண்டு.

தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் போனால் சோகை வரும். படி ஏறினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும். அதனால் ரத்தத்தையும் சோதித்து பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் பெருங்குடலுக்குள் கேமரா விட்டு பார்க்க எழுதிக்கொடுப்பார்கள்.

ரப்பர் வளையம்

முதல் நிலையில் இருக்கும் பலருக்கு ஆபரேஷன் பேச்சே கிடையாது. சாப்பாட்டை மாற்றுவது, தண்ணீர், இசப்கோல் உமி, வெந்நீர், இவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான் சரியானது.

இசப்கோல் மருந்துக்கடையிலும் மளிகைக்கடையிலும் கிடைக்கும். ராத்திரி ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடித்துவிட வேண்டும். தண்ணீர் குறைவாக குடித்தால் அதுவே உள்ளே அடைத்துக்கொள்ளும். அகலமான டப்பில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி 10 முதல் 15 நிமிஷம் உட்கார்ந்தால் வலியும் அரிப்பும் குறையும். அதில் டெட்டாலோ வேறு மருந்தோ ஊற்ற வேண்டியது இல்லை. ஊற்றினால் தோல் வெந்துவிடும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்பு வலியை குறைக்கும், மூலத்தை போக்காது. ஸ்டீராய்டு கலந்த களிம்பை டாக்டர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் தடவக்கூடாது.

இதில் அடங்கவில்லை என்றால் அடுத்தது ரப்பர் வளையம். வீங்கிய சதையின் கழுத்தில் ஒரு சின்ன ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவார்கள். ரத்த ஓட்டம் நின்று, ஒரு வாரம் பத்து நாளில் அது வாடி தானாக விழுந்துவிடும். வலி தெரியாத இடத்தில் மாட்டுவதால் மயக்க மருந்து தேவை இல்லை. பெரும்பாலோர் அன்றே வீட்டுக்கு போகலாம். ஓரிரு நாள் கனமாக இருக்கும், விழும்போது லேசாக ரத்தம் வரும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் இருதய நோயாளிகள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வளையம் போட்ட பிறகு கடும் வலி, ஜுரம், சிறுநீர் போக முடியாமை வந்தால் காத்திருக்காமல் ஓட வேண்டும்.

ஊசி வைத்தியமும் உண்மையில் உண்டு. போஸ்டர்காரர்கள் அந்த பெயரில்தான் பிழைக்கிறார்கள். டாக்டர் போடும் ஊசி, அளவு பார்த்து, குழாய் வைத்து, சரியான இடத்தில், சுத்தமான ஊசியால் போடுவது. மாடி அறையில் என்ன திரவம், எத்தனை மில்லி, எந்த இடம் எதுவும் தெரியாது. சிலர் சதையை அரிக்கும் பொடியை, காரத்தை தடவி எரித்துவிடுகிறார்கள். மூலம் 'உதிர்ந்ததாக' காட்டுவார்கள். புண் ஆறும்போது வாசல் சுருங்கி மலம் பென்சில் கனத்தில்தான் வரும். அடக்கும் தசை கெட்டுப்போனால் மலம் தானாக கசியும். ஆயுசுக்கும் அந்த அவதிதான்.

மூன்று, நான்காவது நிலைக்கு ஆபரேஷன் தேவைப்படலாம். லண்டன் செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரி டாக்டர்கள் மில்லிகன், மார்கன் இருவரும் 1937-ல் எழுதி வைத்த முறை இன்றைக்கும் நடக்கிறது. இதற்கு பிறகு ஸ்டேப்லர் வந்தது, லேசர் வந்தது. பழைய முறையில் வலி சில வாரம் இருக்கும், ஆனால் திரும்ப வருவது குறைவு. லேசரில் வலி குறைவு, செலவு அதிகம், திரும்பவும் வர வாய்ப்பு உண்டு. 'லேசர் என்றால் இனி ஜென்மத்துக்கும் வராது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எதை செய்தாலும் பழையபடி முக்கினால் மூலம் பழையபடி வரும்.

கம்பங்கூழும் வாழைத்தண்டும்

நார்ச்சத்து ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும் என்கிறார்கள். தராசு வைத்து நிறுக்க முடியுமா? காலையில் கம்பங்கூழ் அல்லது ராகி களி, மதியம் கீரையோ அவரையோ வாழைத்தண்டோ ஒரு பெரிய கரண்டி, தட்டைப்பயறு அல்லது கொள்ளு, சாயந்திரம் வடைக்கு பதில் ஒரு கொய்யா. ஏறக்குறைய கணக்கு சரியாகிவிடும். இதெல்லாம் கொங்கு நாட்டில் நம் அப்பத்தா காலத்து சாப்பாடுதான், புதுசு இல்லை. ஒரே நாளில் மாற்றினால் வயிறு உப்பிக்கொள்ளும். வாரம் கொஞ்சமாக கூட்டுங்கள். மெஷின் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் வையுங்கள், மதியத்துக்குள் அது காலியாக வேண்டும்.

கருணைக்கிழங்கு, துத்திக்கீரை மூலத்துக்கு நல்லது என்று சித்த வைத்தியத்தில் சொல்வார்கள். சாப்பாட்டில் சேர்ப்பதில் தப்பு இல்லை. அதை சாப்பிடுகிறோமே என்று டாக்டரிடம் காட்டாமல் இருப்பதுதான் தப்பு.

சம்பளம் போகுமே?

பி.எப்., இ.எஸ்.ஐ. பிடிக்கும் கம்பெனியில் வேலை செய்பவர்கள் இதை கவனிக்க வேண்டும். தேவையான நாட்களுக்கு சந்தா கட்டியிருந்தால், இ.எஸ்.ஐ. டாக்டர் சான்றிதழ் கொடுக்கும் நாட்களுக்கு சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வருஷத்தில் 91 நாள் வரை உண்டு. சிகிச்சையும் இலவசம். சம்பளத்தில் மாசா மாசம் பிடிக்கும் காசு அது, கேட்டு வாங்க வெட்கப்பட வேண்டாம். நம்ம டெய்லருக்கு அட்டை இருந்திருக்கிறது, பீரோவில்! இப்படி ஒன்று உண்டு என்றே அவருக்கு தெரியாது.

அட்டை இல்லாதவர்களுக்கு அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. திருப்பூர் மருத்துவக்கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. காலையில் வெளிநோயாளிகள் பிரிவுக்கு போய் 'அறுவை சிகிச்சை டாக்டரை பார்க்க வேண்டும்' என்று சொன்னால் போதும், சீட்டு வாங்கும் இடத்தில் வியாதி பெயரை சத்தமாக சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்கு போன் செய்து கேட்கலாம். ரத்தம் நிற்காமல் போய் மயக்கம் வந்தால் 108.

போலி டாக்டர் என்று தெரிந்தால் போலீசிலோ மாவட்ட சுகாதார அதிகாரியிடமோ புகார் கொடுக்கலாம். பதிவு இல்லாமல் அலோபதி வைத்தியம் பார்த்தால் தேசிய மருத்துவ ஆணைய சட்டப்படி ஓராண்டு வரை ஜெயில், 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

டெய்லர் இப்போது வேலைக்கு திரும்பிவிட்டார். உட்காருவதற்கு ஒரு தலையணை கொண்டு போகிறார். கூட வேலை செய்பவர்கள் சிரித்தார்களா என்று கேட்டேன். "சிரிக்கலீங்ணா. ரெண்டு பேரு தனியா கூப்பிட்டு, எந்த டாக்டரு, எத்தன மணிக்கு போகோணும்னு கேட்டாங்க" என்றார்.

அவருக்கு ஊசி போட்டவரின் நம்பருக்கு போன் செய்து பார்த்தோம். 'சுவிட்ச் ஆப்' என்று வந்தது. கழிப்பறை சுவரில் அதே போஸ்டர் மேல் வேறு நம்பர் ஒட்டியிருக்கிறார்கள்.